ஆறு வயது மகளோடு பழனிக்குப் பாதயாத்திரை: எப்படித் தயாராவது?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சொந்த ஊர் சிங்கம்புணரி பக்கம், இருப்பது மதுரையில். தைப்பூசத்துக்கு ஊர்க் குழுவோடு பழனிக்கு நடப்பது என் கணவர் வீட்டு வழக்கம். நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும் பாதை, ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வரும், நாலு நாளில் முடித்துவிடுவார்கள். இந்த முறை மகளையும் நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்று மாமியார் உறுதியாக இருக்கிறார். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள், அப்போது அப்பத்தா நேர்ந்துகொண்டது. "நடக்கிற வயசு வந்ததும் நடத்திக் கூட்டிட்டு வர்றேன்" என்று வேண்டுதல். இப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு.

மகளுக்கும் ரொம்ப ஆசை. பச்சைப் பாவாடை எடுத்தாகிவிட்டது, தினமும் காலையில் எழுந்ததும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்கிறாள். இப்போது நல்ல ஆரோக்கியமாக இருக்கிறாள், ஓடி விளையாடுகிற பிள்ளைதான். ஆனால் ரோட்டில் நாள் கணக்கில் நடப்பது வேறு விஷயம் இல்லையா? வீட்டில் எல்லோரும் "முருகன் பார்த்துப்பார்" என்கிறார்கள். எனக்கும் முருகன்மேல் நம்பிக்கை உண்டு, அதே சமயம் ஒரு ஏற்பாடும் செய்யாமல் பிள்ளையை ரோட்டில் இறக்கிவிட மனசு வரவில்லை. இந்த வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கும், காலுக்கு என்ன போடுவது, ராத்திரி எங்கே படுப்பது, பாதியில் முடியவில்லை என்றால் என்ன செய்வது, இதையெல்லாம் சின்னப் பிள்ளையோடு நடந்து அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நத்தம் ரோடு:

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்க் குழுவின் வேகத்துக்கு ஆறு வயதுப் பிள்ளையால் நடக்க முடியாது. நாலு நாளில் 130 என்றால் ஒரு நாளைக்கு முப்பதுக்கு மேல். நடுராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் ஒரு மண்டபத்தைப் பிடித்து, மத்தியானம் தூங்கி, சாயங்காலம் மறுபடி கிளம்புகிற நடை அது. "அவளால் முடிகிற வரை நடக்கட்டும், அப்புறம் தூக்கிக்கலாம்" என்று சேர்ந்து போனால், முதல் நாள் பத்து மணிக்கே அவளுடைய அப்பா தோளில் இருபது கிலோ ஏறியிருக்கும். குழுவும் காத்திருக்காது, அவர்களுக்கு அடுத்த மண்டபம், அடுத்த சாப்பாடு என்று எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது.

என் யோசனை, நத்தம் பகுதியை விட்டுவிடுங்கள். திண்டுக்கல்லில் இருந்து தொடங்குங்கள். அங்கிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். அதை ஐந்து நாளாகப் பிரித்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. காலையில் ஏழு, மாலையில் ஐந்து. நல்லாப் பழகிய ஆறு வயதுப் பிள்ளைக்கு இது முடியும், சிரமப்பட்டு இல்லை, சிரித்துக்கொண்டே முடியும். கல் பொறுக்கும், ஆட்டுக்குட்டியைப் பார்த்து நிற்கும், தண்ணீர் கேட்கும், அதையெல்லாம் சேர்த்து மணிக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டரை கிலோமீட்டர் என்றுதான் நேரம் போட வேண்டும். பெரியவர்கள் கணக்கில் மணிக்கு ஐந்து என்று போட்டு நேரம் குறித்தால் வழி முழுக்க "வா, வா, சீக்கிரம்" என்று இழுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும், அது பிள்ளைக்கும் பிடிக்காது, உங்களுக்கும் கோபம்தான் மிஞ்சும்.

இந்தப் பாதையில் ஒரு பெரிய வசதி, எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று வழி நெடுக ஊர்கள், பழனி பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், ஒட்டன்சத்திரத்தில் ரயில் நிலையமும் உண்டு. பாதித் தூரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒட்டன்சத்திரம். அங்கே குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது, பாதயாத்திரைக்காரர்கள் இறங்கிக் கும்பிட்டு ஓய்வெடுக்கும் இடம். அதுவரைக்கும்தான் இந்த வருஷம் என்று மனதுக்குள் ஒரு முடிவு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நடந்தால் அவள் விருப்பம், உடம்பு முடியவில்லை என்றால் அங்கே கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் பழனியில் தரிசனம். இதைப் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் எல்லோரிடமும் பேசி ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். ரோட்டில் நின்றுகொண்டு, குழந்தை அழும்போது, மாமியாரோடு பேசி முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

தேதியையும் யோசியுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் அந்த ரோட்டில் கூட்டம் நெரியும். பொங்கல் விடுமுறையில் போனால் பள்ளிக்கூடம் கெடாது, பாதையில் துணைக்கு ஆள் இருக்கும், தைப்பூசம் பொங்கலை ஒட்டியே வராத வருஷமாக இருந்தால் மலையிலும் அந்த நெரிசல் இருக்காது. அரையாண்டு விடுமுறையும் நல்ல நேரம்தான், ஆனால் அப்போது வழியில் அன்னதானப் பந்தல்கள் குறைவாக இருக்கும், சாப்பாட்டுக்கு நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும்.

பழக்குவதை இப்போதே ஆரம்பியுங்கள். மதுரையில் இருக்கிறீர்கள், வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். முதல் வாரம் இரண்டு சுற்று, அப்புறம் மூன்று, நாலு. பிறகு திருப்பரங்குன்றம் கிரிவலம். அழகர்கோயிலில் இருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் ரோடும் நல்லது, ஏற்றம் பழகும். கிளம்புவதற்கு முன் ஒரு தடவையாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நடக்க விட்டுப் பாருங்கள். ஒரு நாள் எட்டு கிலோமீட்டர் நடந்துவிடுவது பெரிய காரியம் இல்லை, மறுநாள் காலையில் எழுந்து "இன்னைக்கும் போகணுமா" என்று கேட்கிறாளா, அவளே செருப்பை எடுத்து மாட்டுகிறாளா என்பதைப் பார்த்துத்தான் தூரத்தை முடிவு செய்ய வேண்டும்.

வெள்ளுடை:

நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். பாதயாத்திரை மருத்துவ முகாம்களிலும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் உடம்பு சம்பந்தமானதை மட்டும் சொல்கிறேன்.

முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கால் கொப்புளத்துக்குத்தான் வருகிறார்கள். பிள்ளைக்குப் புது ஷூ வாங்கி நேராக நடைக்குப் போடாதீர்கள். ஒரு மாதமாவது போட்டுப் பழகிய ஷூவாக இருக்க வேண்டும், நின்றால் பெருவிரலுக்கு முன்னால் உங்கள் கட்டை விரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். சாக்ஸ் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறை உட்காரும்போதும் ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, ஈரமாக இருந்தால் சாக்ஸை மாற்றிவிடுங்கள். "எங்கேயாவது எரியுதா?" என்று நீங்களே கேளுங்கள். பிள்ளைகள் தானாகச் சொல்லாது, விளையாட்டு மும்முரத்தில் கொப்புளம் உடைந்த பிறகுதான் அழும். சிவந்திருக்கும்போதே மேலே பிளாஸ்டர் ஒட்டினால் பெரும்பாலும் கொப்புளமாக மாறாது. வந்துவிட்டால் ஊசியால் குத்தாதீர்கள், மூடி வையுங்கள், அன்றைக்கு நடையைக் குறையுங்கள். நகத்தைக் கிளம்புகிற அன்று ஒட்ட வெட்டாமல் இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

பாவாடை அழகுதான், ஆனால் உள்ளே முட்டி வரைக்கும் ஒரு பனியன் துணி டவுசர் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் வியர்வையில் தொடை உரசி மறுநாள் கால் அகட்டி நடப்பாள். தொடையிலும் அக்குளிலும் காலையிலேயே வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவிவிடலாம்.

தண்ணீர். தை மாசம் பனிதானே என்று நினைக்காதீர்கள், பதினொரு மணிக்கு மேல் அந்தத் தார் ரோட்டில் வெயில் நன்றாகவே உறைக்கும், உயரம் குறைந்த பிள்ளைக்கு ரோட்டுச் சூடு முகம் வரைக்கும் அடிக்கும். பதினொன்றில் இருந்து நாலு வரை நிழலில்தான் இருக்க வேண்டும். தாகம் என்று கேட்கும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், கால் பொட்டலத்தை டம்ளரில் கண்ணளவாகப் போட்டுக் கலக்கக் கூடாது, உப்பு கூடினால் கெடுதல். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, ஆறு மணி நேரமாகப் போகவே இல்லை என்றாலோ நடையை நிறுத்திவிட்டு அதைத்தான் கவனிக்க வேண்டும்.

அன்னதானத்தில் சூடாகப் போடும் சாதம், சாம்பார், பொங்கல், உப்புமா தாராளமாகச் சாப்பிடட்டும். கலர் சர்பத், ஐஸ் போட்ட மோர், முன்பே வெட்டி வைத்த பழம் வேண்டாம். நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள், ஆனால் அது எந்தத் தண்ணீர் என்று உங்களுக்குத் தெரியாது. பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள், பிள்ளைக்கு வயிற்றால் போனால் அன்றோடு யாத்திரை முடிந்தது.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடை கிடையாது. மருந்து கொடுத்து, இறங்கியதும் திரும்ப நடக்க வைப்பதும் கூடாது. கைக்குழந்தையில் நிமோனியா வந்த பிள்ளை என்பதால் கிளம்புவதற்கு முன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை காட்டி, பாரசிட்டமால் எத்தனை மில்லி என்று அவள் இப்போதைய எடைக்கு எழுதி வாங்குங்கள். வீசிங் உண்டா என்பதையும் கேளுங்கள், ரோட்டில் புழுதியும் லாரிப் புகையும் அதிகம், விடியற்காலையில் பனி வேறு. தெருநாய் கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனை, அன்றைக்கே ஊசி. மஞ்சள் தடவிக்கொண்டு மேலே நடக்க வேண்டாம். அவசரம் என்றால் 108.

பழைய பாதயாத்திரைக்காரன்:

எல்லாரும் நல்லதுதான் சொல்கிறீர்கள். இருந்தாலும் குழுவே வேண்டாம் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பிள்ளை எதற்காக நடக்கிறது? பாட்டுக்கும் ஆட்டத்துக்கும்தான். காவடி முன்னால் ஆடிப்போக, பின்னால் நூறு பேர் அரோகரா போடும்போது பெரியவர்கள் கால் வலியே மறந்துபோகிறது, பிள்ளைக்குக் கேட்கவா வேண்டும். அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேர் மட்டும் ஐந்து நாள் ரோட்டோரம் நடந்தால் இரண்டாவது நாளே அவளுக்குச் சலித்துவிடும். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிக் கிளம்பி வருகிற அழகையும், எடப்பாடிக்காரர்கள் சேலம் பக்கத்தில் இருந்து நடந்து வந்து மலையிலேயே தங்குவதையும் பார்த்து வளர்கிற பிள்ளைக்குத்தான் இது மனசில் ஒட்டும்.

அதனால் இப்படிச் செய்யலாமே அம்மா. நீங்கள் இரண்டு நாள் முன்பே திண்டுக்கல்லில் இருந்து உங்கள் போக்கில் நடங்கள். உங்கள் ஊர்க் குழு பின்னால் வந்து ஒட்டன்சத்திரம் பக்கம் உங்களைப் பிடிக்கும். அன்றைக்கு ஒரு சாயங்காலம் அவர்களோடு சேர்ந்து நடக்கட்டும், பஜனையில் உட்காரட்டும், அவர்கள் ராத்திரி கிளம்பும்போது நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஊரோடு சேர்ந்ததாகவும் இருக்கும், தூக்கமும் கெடாது. அதற்கு அவர்கள் வரும் நாளை முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

செருப்பைப் பற்றி. எங்கள் காலத்தில் வெறுங்கால்தான், இன்றைக்கும் நான் வெறுங்காலோடுதான் போகிறேன். ஆனால் பிள்ளைக்கு ஷூ போடுங்கள், யாராவது ஏதாவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். விரதம் இருக்கிறவன் நான், என் கால் படட்டும். குழந்தைக்கு விரதமும் கிடையாது, பட்டினியும் கிடையாது. மலையடிவாரத்தில் கிரிவலப் பாதை வந்ததும் அவளே கழற்றிவிட்டு நடக்கட்டும், போதும்.

வேண்டுதல் குறைபட்டுவிடுமோ என்று உங்கள் மாமியார் நினைத்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நடக்கிற வயசு வந்ததும் நடத்திக் கூட்டி வருகிறேன் என்றுதான் நேர்ந்திருக்கிறார்கள், சிங்கம்புணரியில் இருந்து என்று நேரவில்லை. பிள்ளை பத்துக் கிலோமீட்டர் நடந்தாலும் அது நடந்து வந்ததுதான்.

நத்தம் ரோடு:

ஐயா சொன்ன ஏற்பாடு என்னுடையதைவிட நல்லது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், குழுவோடு சேரும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே நடை முடிய வேண்டும். திண்டுக்கல்–பழனி சாலையோரம் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று நடைபாதை போட்டிருக்கிறார்கள், ஆனால் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி நம்பி நடக்க முடியாது, சில இடத்தில் ரோட்டில் இறங்கித்தான் ஆக வேண்டும். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வலது ஓரமாக நடங்கள், பிள்ளை ரோட்டைவிட்டுத் தள்ளி உள்பக்கம், பெரியவர் ரோட்டுப் பக்கம். அவள் பை, பாவாடை, தொப்பி எல்லாவற்றிலும் ஒளி பட்டால் மின்னுகிற ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தை மாதத்தில் காலை ஆறேகால் வரைக்கும் இருட்டும் பனியும்தான், அதனால் ஆறரைக்கு முன் நடக்க ஆரம்பிக்க வேண்டாம். பச்சைத் துணி இருட்டில் டிரைவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

வைகைக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, நீங்கள் எழுதியதை அப்படியே மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "சரி, திண்டுக்கல்லில் இருந்தே நடக்கட்டும், நானும் கூட வர்றேன்" என்று சொல்லிவிட்டார். இது நான் எதிர்பார்க்காதது. அவருக்கு முட்டி வலி உண்டு, ஆக இப்போது பிள்ளையின் வேகம்தான் அவருக்கும் தோதான வேகம்.

இன்னும் இரண்டு கேள்வி. கழிப்பறைக்கு என்ன செய்வது, பெண் பிள்ளை ஆயிற்றே. ராத்திரி எல்லோரையும் போல மண்டபத் திண்ணையில் படுக்க வைக்கலாமா? குழுவின் சாமான்களை ஏற்றிப்போகும் குட்டியானை வண்டியில் அவளை உட்கார வைக்கலாம் என்கிறார் கொழுந்தனார், அது சரியா?

அரசரடி அக்கா:

தங்கச்சி, என் மகளை இதே வயதில் இதே ரோட்டில் கூட்டிப்போயிருக்கிறேன், அதனால் பெண் பிள்ளை சமாச்சாரத்தை நான் சொல்கிறேன்.

கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், சாப்பாட்டுக் கடை இந்த மூன்றையும்தான் நம்ப வேண்டும். எது கண்ணில் பட்டாலும் அவளுக்கு வருகிறதோ இல்லையோ ஒரு தடவை போய்விட்டு வரட்டும், அடுத்தது எத்தனை கிலோமீட்டரில் வரும் என்று தெரியாது. ஒரு பழைய சேலையைப் பையில் மேலாகவே வைத்துக்கொள், இரண்டு பேர் பிடித்தால் மறைப்பு. தண்ணீர் பாட்டில் ஒன்று, சோப்பு, காகிதம் தனியாக ஒரு பையில். சில பிள்ளைகள் வெளி இடத்தில் போகக் கூச்சப்பட்டு அடக்கி வைக்கும், தண்ணீரே குடிக்காது, அதைக் கவனி.

படுக்கைக்கு மண்டபத் திண்ணை வேண்டாம். ராத்திரி முழுக்க ஆள் வருவதும் போவதுமாக இருக்கும், மைக் செட் ஓயாது, பனி இறங்கும், கொசு வேறு. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் இரண்டிலும் லாட்ஜ் கிடைக்கும், முன்பே சொல்லி வைத்துவிடு. நடுவில் இருக்கும் ராத்திரிகளுக்கு, அன்றைய நடை முடிந்த இடத்தில் இருந்து பஸ் ஏறி லாட்ஜுக்கு வந்து தூங்கிவிட்டு, காலையில் அதே இடத்துக்குப் போய் இறங்கி நடந்தால் போதும். கடைசி இரண்டு ராத்திரிக்குப் பழனியிலேயே தங்கலாம். இதில் ஒரு தப்பும் இல்லை, ஒரு அடி தூரம்கூடக் குறையப்போவதில்லை. எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பத்து மணி நேரம் தூங்குகிற பிள்ளைதான் மறுநாள் நடக்கும். ஒரு ஜமுக்காளம், காதை மூடும் குல்லா, கொசுக் களிம்பு எப்படியும் எடுத்துக்கொள், மத்தியான ஓய்வுக்கும் வேண்டும்.

குட்டியானை கண்டிப்பாக வேண்டாம். பாத்திரமும் கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் கயிறு கட்டிப் போகிற வண்டி அது, பின்னால் பிள்ளை உட்காரவே கூடாது. உட்கார வைத்துத் தள்ளுகிற வண்டி கிடைத்தால் நல்லது, ஆனால் கடையில் விற்கும் சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் அந்த ஓரத்து ஜல்லியில் ஒரு நாள் தாங்காது, காற்று அடிக்கிற டயர் வேண்டும். அது இல்லையென்றால் அவள் அப்பா ஒருவர் பையைக் குறைத்துக்கொண்டு தோளைக் காலியாக வைத்திருக்கட்டும். உங்கள் சாமான்களைக் குட்டியானையில் ஏற்றிவிடு, மருந்தும் தண்ணீரும் மாற்றுத் துணி ஒரு செட்டும் மட்டும் கையில். அவள் முதுகில் ஒரு சின்னப் பை கொடு, தன் தண்ணீர் பாட்டிலும் கொஞ்சம் பொரிகடலையும் தானே சுமந்தால் அவளுக்குப் பெருமை. ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம்.

நடக்க வைப்பதற்கு அடுத்த ஊர் பெயரைச் சொல்லி எந்தப் பிரயோஜனமும் இல்லை. "அந்தப் புளியமரம் வரைக்கும்", "அந்த மைல்கல் வரைக்கும்" என்று கண்ணுக்குத் தெரிகிறதைச் சொல். மைல்கல்லில் பழனி எத்தனை என்று அவளே படிக்கட்டும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எண் குறைவதைப் பார்த்துக் குதிக்கும். ஆயக்குடி வந்ததும் கொய்யாப்பழம், முழுப் பழமாக வாங்கி நீயே கழுவி வெட்டிக்கொடு.

மலையில்தான் நிறையப் பேர் பிள்ளையைத் தவறவிடுகிறார்கள். 2023 அக்டோபரில் இருந்து மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை, கீழேயே ஒப்படைத்துவிட வேண்டும். அதனால் மேலே ஒருவரை ஒருவர் கூப்பிட்டுத் தேட முடியாது. ஏறுவதற்கு முன்பே, தவறிவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று பெரியவர்களுக்குள் ஓர் இடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், கொழுந்தனார் மாதிரி ஒருவர் செல்போனோடு கீழேயே இருக்கட்டும். அவள் கையில் அழியாத பேனாவால் இரண்டு பேர் நம்பரை எழுதிவிடு, காகிதச் சீட்டு வியர்வையில் கரைந்துவிடும். போலீஸ் உடுப்பு எப்படி இருக்கும், தொலைந்தால் நின்ற இடத்தைவிட்டு நகராமல் "அம்மா" என்று கத்தாமல் உன் முழுப் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் என்பதையெல்லாம் வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்கு. அந்தக் கூட்டத்தில் "அம்மா" என்றால் நூறு அம்மா திரும்பிப் பார்ப்பார்கள்.

படி 693. ஐந்து நாள் நடந்த காலுக்கு யானைப் பாதை சுலபம், சரிவாகப் போகும், அப்பத்தா முட்டிக்கும் அதுதான் நல்லது. முடியவில்லை என்றால் தண்டவாளத்தில் இழுத்து ஏற்றும் விஞ்சு இருக்கிறது. ரோப் காரைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள், அதை மட்டும் நம்பிப் பிள்ளையிடம் வாக்குக் கொடுத்துவிடாதே.

வைகைக்கரை:

அக்கா, பஸ்ஸில் திரும்பி வந்து படுக்கலாம் என்பது எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. லாட்ஜ் விசாரிக்கக் கணவரிடம் சொல்லிவிட்டேன். பொங்கல் விடுமுறையிலேயே போவதாக முடிவு, ஊர்க் குழுவில் சிலர் அதே சமயத்தில் தனியாக நடக்கப் போவதாகச் சொல்கிறார்கள், அவர்களோடு ஒட்டன்சத்திரத்தில் ஒரு சாயங்காலம் சேர்ந்துகொள்வோம். ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்தில் இருந்து ஆரம்பிக்கிறோம், அப்பத்தாவும் பேத்தியும் சேர்ந்தே. முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு அவர் எத்தனை சுற்று நடக்கலாம் என்பதை மட்டும் நர்ஸ் அக்கா சொன்னால் நல்லது.

வெள்ளுடை:

ஒரு சுற்றில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை முட்டி வீங்காமல் இருந்தால் அடுத்த வாரம் இரண்டு. வீக்கம் இருந்தால் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு நடக்க வேண்டும். அவருக்குச் சர்க்கரை இருந்தால் தினமும் ராத்திரி பாதத்தின் அடிப்பக்கத்தையும் விரல் இடுக்கையும் நீங்கள் பார்த்துவிடுங்கள், உணர்ச்சி குறைந்த காலில் காயம் பட்டால் அவருக்கே தெரியாது.